துணையின் பயன் குறித்த ஓர் ஆய்வு

மனிதனுக்குத் துணை இருந்தால் ஆயுள் கூடும் என்பதை அறிவியல் முறைப்படி நிரூபிப்பதற்காகத்தான் ஹாரனையும் அவர் மனைவியையும் பிரித்து வைத்தார்கள்.

இதைக் கேட்டதும் யாரோ கொடியவர்கள் செய்த காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. அத்தனை பேரும் தங்கமானவர்கள். வயதானவர் என்றால் உருகிவிடுவார்கள். நடந்தால் கை கொடுப்பார்கள். இருமினால் தண்ணீர் கொடுப்பார்கள், கூடவே இருமலைக் குறித்துக்கொள்ளவும் செய்வார்கள். கெட்டவன் ஒருத்தன் கையில் மாட்டிக்கொண்டால் காலில் விழுந்தாவது தப்பிக்கலாம். நல்லவர்கள் கூட்டமாகச் சேர்ந்து நன்மை செய்யக் கிளம்பிவிட்டால், அதிலிருந்து தப்பித்தவர் எவருமில்லை.

ஹாரன் நகரப் பேருந்து ஓட்டியவர். வேலைக்காலம் முழுக்க இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகியதில் ரகசியம்கூட அவருக்குச் சத்தமாகத்தான் வரும். பணிமனையில் வைத்த அந்தப் பெயர், அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வு பெறவில்லை. மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். அவரை எல்லோரும் டீச்சர் என்றார்கள், புருஷன் உட்பட. காலையில் ஹாரன் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். டீச்சர் திருத்துவார். உச்சரிப்பில் ஆரம்பிக்கும் திருத்தம், அமைச்சரின் கொள்கை வழியாகப் போய், ஹாரனின் தம்பி கல்யாணத்தில் டீச்சருக்கு நாற்காலி போடாததில் வந்து நிற்கும். பதிலுக்கு ஹாரன் டீச்சரின் பிறந்த வீட்டை இழுப்பார். இரண்டு பக்கமும் ஆயுதம் தீர்ந்ததும் இருவருக்கும் பசி எடுக்கும். சாப்பிட உட்காருவார்கள். இதைத் தாம்பத்தியம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சருக்கு முழங்கால் போனபோதுதான் வினை வந்தது. அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. டீச்சர் ஒரு தடவை கீழே இறங்கிவிட்டால், திரும்ப ஏறுவதற்கு எதிர்வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஆகிய மூவரும் ஒத்துழைக்க வேண்டும். வேறு ஊரில் இருந்த மகள் போன் செய்தாள்.

"அப்பா, முதுமை நலவாழ்வு ஆய்வு நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. வீடு அவங்களே குடுக்கறாங்க. லிப்ட், சுவர் முழுக்கக் கைப்பிடி, வழுக்காத தரை. கீழேயே டாக்டர். ஆராய்ச்சிக்குச் சம்மதிச்சாப் போதும்."

"என்ன ஆராய்ச்சி?"

"வயசானவங்க எப்படி நல்லா, ரொம்ப நாள் இருக்கறதுன்னு."

"அதுக்கெதுக்கு ஆராய்ச்சி? உங்கம்மா இன்னும் என்னைத் திட்டி முடிக்கலை. அதான் இருக்கேன்."

"முடிக்க விட்டாத்தானே!" என்றார் டீச்சர், உள்ளே இருந்து.

பழைய வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முதல் மாடியில் இரண்டு அறை. டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து ஜன்னல் வரை தானாகவே நடந்தார். திரும்பியும் நடந்தார். "இத்தனை வருஷம் இப்படி ஒரு வீடு பார்க்கத் துப்பில்லை உங்களுக்கு" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ஹாரன் பார்த்து நாளாகியிருந்தது.

இரண்டாவது வாரம் நிறுவனத்தின் கணினி சீட்டுக் குலுக்கியது. குடியிருந்தவர்கள் எல்லோரையும் அது இரண்டாகப் பிரித்தது. ஒன்று துணைக் குழு. இவர்களுக்குத் தினமும் பேச்சுத்துணைக்கு ஆள் வரும். மற்றது வழக்கக் குழு. இவர்களுக்கு ஒன்றும் வராது. ஒன்றும் வராவிட்டால் அவர்கள் என்ன ஆகிறார்கள் என்று அக்கறையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹாரன் துணைக் குழுவில் விழுந்தார். டீச்சர் வழக்கக் குழுவில் விழுந்தார்.

மறுநாள் துணையாளர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. புன்னகைப்பதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்தவர் என்பது கதவைத் திறந்ததுமே தெரிந்தது.

"அப்பா, உங்க வாழ்க்கையில மறக்க முடியாத நாள் ஒண்ணு சொல்லுங்க."

ஹாரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு நாள் நல்ல மழை. பாலத்து மேல வண்டி பாதியில நின்னுபோச்சு. உள்ள நிறைமாசக் கர்ப்பிணி..."

"மழையே இல்லை அன்னிக்கு" என்றார் டீச்சர், தேநீரை வைத்தபடி. "டீசல் தீர்ந்துபோச்சு. டீசல் போட மறந்துட்டு மழைங்கறார்."

"நீ இருந்தியா அங்க?"

"அந்த நிறைமாசக் கர்ப்பிணியே நான்தானே!"

துணையாளரின் புன்னகை சற்று ஆடியது. "அம்மா, நீங்க பேசக் கூடாதும்மா."

"ஏன், நான் பேசினா என்ன? என் வீடுதானே இது?"

"நீங்க வழக்கக் குழு. இந்தப் பேச்சு அப்பாவுக்கு மட்டும்தான். நீங்க கலந்துக்கிட்டா உங்களுக்கும் துணை கிடைச்ச மாதிரி ஆயிடும்."

"ஆனா என்ன கெட்டுப்போச்சு?"

துணையாளருக்குப் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. அவர் போய் மேலே சொன்னார்.

மேலே என்றால் எட்டாம் மாடி. அங்கே ஹாரனை அழைத்தார்கள். இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். தலைமயிரும் மீசையும் புருவமும் ஒரே கறுப்பாக இருந்ததிலிருந்து அவருடைய வயதை அனுமானிக்க முடிந்தது. பக்கத்தில் புள்ளிவிவரக்காரர். ஒல்லியான ஆள், யாரும் குற்றம் சொல்லாத நேரத்திலும் மன்னிப்புக் கேட்கும் முகம்.

"தப்பு எங்க மேலதான் ஐயா" என்று ஆரம்பித்தார் புள்ளிவிவரக்காரர். "வீடு வீடாக் குலுக்கியிருக்கணும். ஆள் ஆளாக் குலுக்கிட்டோம். புருஷன் பெண்டாட்டின்னு ஒரு ஏற்பாடு இருக்கறது அப்ப ஞாபகம் வரலை."

"அவ்வளவுதானே? மறுபடி குலுக்குங்க தம்பி."

யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல இருவரும் மேஜையைப் பார்த்தார்கள்.

"ஐயா" என்றார் இயக்குநர் கனிவாக, "ஆய்வு தொடங்கியாச்சு. இப்போ திட்டத்தை மாத்தினா, நாங்க தப்புப் பண்ணிட்டோம்னு ஆகும். மனுஷங்களை மாத்தினா, ஆய்வை மேம்படுத்தினோம்னு ஆகும்."

"அப்ப அவளையும் துணைக் குழுவுல போட்டுடுங்க."

"எல்லாருக்கும் துணை குடுத்துட்டா, துணை இல்லாதவங்க எப்படிக் கஷ்டப்படறாங்கன்னு நாங்க எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"ஆனா அவளுக்குத்தான் துணைக்கு நான் இருக்கேனே!"

"அதாங்க ஐயா பிரச்சினை" என்றார் புள்ளிவிவரக்காரர். அவர் கண்ணில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

முதலில் அறைக்கு நடுவே ஒரு துணித் தடுப்பு வைத்துப் பார்த்தார்கள். ஹாரனின் குரலுக்குத் துணி எம்மாத்திரம்? பிறகு, துணையாளர் இருக்கும் நேரத்தில் டீச்சர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். பஞ்சு வைத்த காதுக்காரர் இன்னும் உரக்கப் பேசினார். அதற்கும் பிறகு புள்ளிவிவரக்காரர் ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார். துணையாளர் பேசுவது நாளில் முக்கால் மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் இவர்கள் இருவரும்தான் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள், ஆகவே கலப்படம் துணையாளரால் வரவில்லை, தம்பதியால் வருகிறது என்று அது காட்டியது. தீர்வு ஒன்றுதான். ஹாரன் நான்காம் மாடிக்குப் போக வேண்டும். ஆய்வு முடியும்வரை, அதாவது இரண்டு ஆண்டுகள், இருவரும் பார்த்துக்கொள்ளவோ பேசவோ கூடாது.

இதையெல்லாம் அவர்கள் நெஞ்சில் ஈரமில்லாமல் செய்துவிடவில்லை. நிறுவனத்தில் ஓர் அறநெறிக் குழு இருந்தது. அதன் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. அவர் நேரில் வந்து இருவரையும் உட்கார வைத்து விசாரித்தார்.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா?"

"இல்லீங்க. சம்மதிக்கலைன்னா வீட்டைக் காலி பண்ணணும்னு மட்டும் சொன்னாங்க."

"அது கட்டாயம் அல்ல. அது விளைவு" என்றார் நீதிபதி. "நீங்கள் எந்த நேரத்திலும் சுதந்திரமாக விலகலாம். விலகினால் எங்கே போவீர்கள் என்பது இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது. உங்கள் தனிப்பட்ட விஷயங்களில் நாங்கள் தலையிடுவதில்லை."

ஹாரன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தன் முழங்காலைப் பார்த்தார். எந்த வீட்டுக்குப் போவது? எந்தப் படியில் ஏறுவது?

"போய்த் தொலைங்க" என்றார் டீச்சர் கடைசியில். "ரெண்டு வருஷம் நிம்மதியாப் பேப்பர் படிப்பேன். உச்சரிப்பாவது ஒழுங்கா இருக்கும்."

சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போனார். கைப்பிடியைப் பிடிக்க மறந்துபோய் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

நான்காம் மாடி அறை விசாலமானது. நல்ல வெளிச்சம். ஹாரனிடம் புதிய லிப்ட் அட்டை கொடுத்தார்கள். அதை வைத்து எட்டாம் மாடிக்குப் போகலாம், மொட்டை மாடிக்குப் போகலாம், தரைத்தளத்துக்குப் போகலாம். டீச்சர் இருந்த முதல் மாடிக்கு அழுத்தினால் மட்டும் பித்தான் சிவப்பாக ஒளிர்ந்து அணைந்தது. படிக்கட்டுக் கதவும் அதே அட்டைக்குத்தான் திறக்கும். ஊரெல்லாம் வண்டி ஓட்டியவருக்கு இப்போது போக முடியாத நிறுத்தம் ஒன்றே ஒன்றுதான்.

துணையாளர் தவறாமல் வந்தார். ஹாரன் செய்தித்தாளைப் படித்தார். துணையாளர் தலையை ஆட்டினார்.

"ரொம்ப அழகாப் படிக்கறீங்கப்பா."

ஹாரன் வேண்டுமென்றே ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தார். துணையாளர் புன்னகைத்தார். ஹாரன் ஒரு நாட்டின் தலைநகரை மாற்றினார். துணையாளர் வியந்தார். இறந்துபோன தலைவரை உயிர்ப்பித்துப் பேட்டி கொடுக்க வைத்தார்.

"எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்கப்பா!"

"ஏம்மா" என்றார் ஹாரன், செய்தித்தாளை மடித்துவிட்டு. "ஒரே ஒரு தடவை என்னைத் திட்டேன்."

"ஐயோ, நான் எதுக்குப்பா திட்டணும்?"

"எதுக்கு வேணும்னாலும். சட்டைக்குத் திட்டு. என் தம்பிக்குத் திட்டு. 'உங்களைக் கட்டிக்கிட்டு என்னத்தைக் கண்டேன்'னு ஆரம்பி, மிச்சம் தானா வரும்."

துணையாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். நல்ல பெண்மணிதான், முயன்று பார்த்தார். "நீங்க... நீங்க அவ்வளவு நல்லவர் இல்லைப்பா" என்றார் தயங்கித் தயங்கி. உடனே கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்கப்பா. பயிற்சியில இது இல்லை."

ஹாரன் அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று.

சாப்பாடு இறங்கவில்லை. தட்டு அப்படியே திரும்பிப் போனது. ஆனால் மாதாந்திரப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து எட்டாம் மாடி பூரித்துப்போனது. சண்டை இல்லாததால் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. சாப்பிடாததால் சர்க்கரை இறங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து எடை இறங்கியிருந்தது. "உங்க வயசுல இப்படி ஒரு முன்னேற்றம் நாங்க பார்த்ததே இல்லை" என்றார் டாக்டர். "இப்படியே போனா எங்கேயோ போயிடுவீங்க."

அந்த இடம் எது என்று ஹாரனுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு காலை, மனம் கேளாமல் பால்கனிக்கு வந்து நின்றார். கையில் செய்தித்தாள். கீழே மூன்று மாடிக்கு அப்பால் டீச்சரின் பால்கனி. துணி காயப்போடும் கொடியும் ஒரு முழங்கையும் தெரிந்தன. ஹாரன் வாயைத் திறந்து தலைப்புச் செய்தியைப் படித்தார். தனக்குத்தானே படித்துக்கொள்வதாகத்தான் நினைப்பு. குரலுக்கு அது தெரியாது.

கொடியில் துணி அசைவது நின்றது.

"அது 'ஒப்பந்தம்'!" என்று கீழிருந்து வந்தது. "எழுத்தை முழுங்காதீங்க!"

ஹாரன் அடுத்த வரியைப் படித்தார். அதற்கும் திருத்தம் வந்தது. அமைச்சரைத் தாண்டினார்கள். தம்பி கல்யாணத்தைத் தொட்டார்கள். "அந்த நாற்காலி விஷயம் தெரியுமா..." என்று டீச்சர் ஆரம்பித்தபோது, நடுவில் இருந்த மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு முன்னாள் வங்கி மேலாளர் தலையை நீட்டி, "போடாதது தப்புத்தாங்க!" என்றார். இரண்டாம் மாடியில் இருந்த முன்னாள் செவிலியர், "பெண் வீட்டுக்காரங்க கூட்டத்துல நாற்காலி பத்தாம போயிருக்கும், அதைப் போயி..." என்றார். அன்றைக்கு ஹாரன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தட்டுக் கேட்டார்.

மறுநாள் எல்லா பால்கனியிலும் ஆட்கள். மூன்றாம் நாள் கட்சி பிரிந்துவிட்டது. நாற்காலி போடாதது திட்டமிட்ட அவமானம் என்று ஒரு கட்சி, கைமறதி என்று இன்னொரு கட்சி. படுக்கையை விட்டு எழுந்திராத ஒருவர், எதிர்க்கட்சிக்காரருக்குப் பதில் சொல்வதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை வந்தார்.

புள்ளிவிவரக்காரர் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"எல்லாம் போச்சு" என்று முணுமுணுத்தார். "வழக்கக் குழு சிரிக்குது. துணைக் குழுவும் சிரிக்குது. எது எதுன்னே தெரியலை. மொத்தக் கட்டடமும் கலந்துபோச்சு."

வாரக் கடைசிக்குள் எல்லா பால்கனிகளுக்கும் கண்ணாடி போட்டுவிட்டார்கள். ஒலி புகாத, தடிமனான, உயர்ந்த ரகக் கண்ணாடி. முதியோரைக் குளிர்காற்றிலிருந்து காப்பதற்காக என்று அறிவிப்பில் இருந்தது. ஹாரன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று படித்துப் பார்த்தார். அவர் குரல் அவருக்கே திரும்பி வந்தது. பிறகு படிப்பதை விட்டுவிட்டார்.

ஆண்டு ஒன்று ஓடியதும் விழா வைத்தார்கள். பணம் கொடுக்கும் அறக்கட்டளையின் தலைவி நேரில் வருகிறார். மேடையில் இரண்டு நாற்காலி. துணைக் குழுவிலிருந்து ஒருவரும் வழக்கக் குழுவிலிருந்து ஒருவரும் உட்கார வேண்டும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். துணையாளரோடு அதிக நேரம் இருந்த எண் எது, யாரோடும் பேசாமல் சுத்தமாக இருக்கும் எண் எது என்று கேட்டதற்குக் கணினி இரண்டு எண்களைக் கொடுத்தது.

ஹாரனைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். எதிர்ப்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு, ஊன்றுகோலோடு இன்னொருவரை அழைத்துவந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த புள்ளிவிவரக்காரர் பாதி எழுந்து, வாயைத் திறந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநர் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார்.

"முதுமை ஒரு மகத்தான வாய்ப்பு. அதை முதியவர்கள் கையிலேயே விட்டுவிட முடியாது. அவர்களுக்கு அனுபவம் போதாது. ஒவ்வொருவரும் முதல் தடவையாகத்தான் கிழவராகிறார்கள். நாங்களோ ஆயிரம் பேரைப் பார்த்துவிட்டோம்." கைதட்டல். "தனிமையை நாங்கள் வெறுக்கிறோம். ஆகவேதான் அதை மிகுந்த கவனத்தோடு உருவாக்கி, கலப்படம் இல்லாமல், தரம் குறையாமல் பராமரித்து வருகிறோம். இதோ உங்கள் வலப்புறம் துணை. இடப்புறம் தனிமை."

வலப்புறமும் இடப்புறமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. டீச்சரின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காலையில் சீவிய தலை மாதிரி இல்லை. ஹாரனின் சட்டைக்குள் இன்னொரு ஹாரனுக்கு இடம் இருந்தது.

"பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார் டீச்சர்.

இரண்டு பேர் முன்னாலும் ஒலிவாங்கி இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

"போட்டா உனக்கென்ன?" என்றார் ஹாரன். அவருக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"எனக்கென்னவா? ஒரு வருஷமா இப்படித்தான் திரியறீங்களா? சொல்றதுக்கு நாதியில்லையா அங்க?"

"ஒரு அம்மா வருது. எதைச் செஞ்சாலும் அழகா இருக்குங்குது."

"அழகா? உங்களையா? கண் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க." டீச்சரின் குரல் உடைந்தது. "சாப்பிடறதில்லையா நீங்க?"

"நீ சாப்பிடறியா?"

டீச்சர் ஊன்றுகோலின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அறக்கட்டளைத் தலைவி கைக்குட்டையை எடுத்தார்.

"இவர்கள் கணவன் மனைவியா?" என்று கேட்டார்.

இயக்குநர் இமைப்பொழுது திகைத்தார். இமைப்பொழுதுதான். அந்தப் பதவிக்குச் சும்மா வந்தவர் அல்ல.

"ஆமாம் அம்மா. எங்கள் ஆய்வின் தனிச்சிறப்பே அதுதான். ஒரே தம்பதியில் இரண்டு குழு. வேறு எந்த நாட்டிலும் இதற்கு யாருக்கும் துணிவு வந்ததில்லை."

தலைவி மேடையேறினார். டீச்சரின் தோளில் ஒரு கை, ஹாரனின் தோளில் ஒரு கை. அவருடைய கண்ணீர் நிஜமானது என்பதை இந்தக் கதை எழுதுபவன் உறுதி சொல்கிறான்.

"என் வாழ்க்கையில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை" என்றார். "துணை என்றால் என்ன என்று இன்றுதான் எனக்குப் புரிந்தது. இப்படிப்பட்ட ஆய்வை இரண்டே ஆண்டில் முடித்துவிடுவது பாவம். எங்கள் அறக்கட்டளை இதை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கிறது!"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீதிபதி தலையசைத்தார். துணையாளர் விசும்பி அழுதார். கைதட்டலுக்கு நடுவே இரண்டு பக்கத்திலிருந்தும் உதவியாளர்கள் வந்து, பெரியவர்கள் இருவரையும் பக்குவமாக எழுப்பி, வலப்பக்கக் கதவுக்கும் இடப்பக்கக் கதவுக்கும் அழைத்துப் போனார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். கைதட்டலில் கேட்கவில்லை.

வலப்பக்கக் கதவருகே புள்ளிவிவரக்காரர் நின்றிருந்தார். ஹாரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"தம்பி, பத்து வருஷமா? அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இருப்போமா?"

புள்ளிவிவரக்காரர் அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"அதைத்தாங்க ஐயா நாங்களும் பார்க்கப்போறோம்" என்றார்.